விலைபோகாச் சரக்கும் வணிக அறமும்

கடமலைக்குண்டு முந்திரியையும் போடி ஏலக்காயையும் இன்று வீட்டிலிருந்தபடியே இணையச் சந்தையில் விற்க இயலும். ஆங்கே, குறையுடையதென நிறுத்தி வைக்கப்பட்ட சரக்கை என் செய்வது? இவ்வினாவை எதிர்கொள்ளவிருக்கும் மாணவர்க்காக இதனை ஆராய்வோம்.

தானியக் குவியலுள் கைவிட்டு ஈரங்கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரை வினவினார்கள். ஸஹீஹ் முஸ்லிம் தரும் செய்தி இது. இணையத்தில் வாங்குவோர் குவியலுள் கைவிட்டுப் பார்க்க இயலாது. எனவே விற்பவர் பொறுப்பு மிகுகிறது. குறையுள்ள பொருளையும் விளம்பரத்திற்கு மாறான பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது என 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளும் கூறுகின்றன.

நிறுத்தப்பட்ட சரக்கை முதற்கண் நல்ல சரக்கினின்று பிரித்து, அளவையும் காரணத்தையும் ஏட்டில் பதிதல் வேண்டும். குறை மேலொட்டிய சீட்டில் மட்டுமாயின் உண்மையை எழுதித் திருத்தலாம். பூஞ்சை பிடித்ததையும் காலாவதியானதையும் அழித்தலே முறை. அதே தொகுதியில் முன்னரே வாங்கியோர்க்கும் அறிவித்தல் வேண்டும். நாளை மாற்றி ஒட்டுவதும், வேறு பெயரில் மீண்டும் பட்டியலிடுவதும் ஈரத்தை அடியில் மறைப்பதேயாம்.

பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்பது வள்ளுவர் நெறி. அழித்த சரக்கின் நட்டத்தை அடுத்த விளைச்சலில் ஈட்டலாம்; இழந்த நம்பிக்கையை அங்ஙனம் ஈட்டல் அரிது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.