சூரியத் தகட்டுக்குக் காற்றோட்டம்

இடம்பெயர்ந்து மீண்டுவந்து தோட்டம் தொடங்கிய குடும்பங்கள் சிலவற்றின் கிணறுகளில் இன்று சூரிய சக்தியால் இயங்கும் நீர்ப்பம்பிகளைக் காண்கின்றோம். "தகட்டில் 100 வாற்று என்று எழுதியிருக்கிறது, உச்சி வெயிலிலும் அவ்வளவு வருவதில்லையே, ஏமாந்துவிட்டோமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கடன்பட்டு இன்னொரு தகடு வாங்க நினைப்பவர்களும் உண்டு. அதற்கு முன் இப்பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள்.

காரணம் என்ன?

தகட்டுக்கு வெயில் வேண்டும், வெப்பம் கூடாது. விழும் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகின்றது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகித் தகட்டைச் சுடவைக்கின்றது. தகட்டில் எழுதியுள்ள வாற்று, அது 25 பாகை செல்சியசில் இருக்கும்போது அளக்கப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கன் தகடு தன் வலுவில் நூற்றுக்கு 0.3 முதல் 0.5 வரை இழக்கின்றது.

நூற்றுக்கு 0.4 என்று கணக்கிட்டுப் பார்ப்போம். தகரக் கூரையோடு ஒட்டிப் பூட்டிய 100 வாற்றுத் தகடு 70 பாகைக்குச் சூடேறினால் 18 வாற்று இழப்பு, கிடைப்பது 82. காற்றோட்டத்தில் 60 பாகையில் நின்றால் கிடைப்பது 86. நான்கு வாற்று சிறிது தான். ஆயினும் அது கடனின்றிக் கிடைப்பது. சூடு குறைந்தால் தகடு நீண்டகாலம் உழைக்கவும் செய்யும்.

நாம் செய்யக்கூடியவை

1. கூரையில் பூட்டுவதானால், தகரத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சாணாவது இடைவெளி விடுவோம். கீழ்ப்பக்கமும் மேற்பக்கமும் திறந்திருந்தால் சூடான காற்று தானாக மேலெழுந்து வெளியேறும்.

2. நிலத்தில் கால் நட்டுப் பூட்டுவது அதனிலும் நல்லது. தெற்கு நோக்கிச் சற்றுச் சரித்து வைத்தால் மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லும். சோளகக் காற்று பலமாக வீசும். ஆகவே கால்களுக்குச் சீமெந்துக் கொங்கிறீற்று இடுவோம்.

3. தகட்டின் பின்புறத்தைச் சாக்கு, கிடுகு, பலகை எதனாலும் மூடக்கூடாது.

4. கீழே வெறும் கிரவலோ சீமெந்தோ இருந்தால் சூடு எதிர்த்து அடிக்கும். வல்லாரை, பொன்னாங்காணி நட்டு ஈரமாக வைத்தால் நிலம் குளிரும், கறிக்கும் உதவும். கொடிகளைத் தகட்டில் ஏறவிடக் கூடாது.

5. குளிர்விப்பதற்காக மரநிழலில் வைக்க வேண்டாம். ஒரு கிளையின் நிழலால் வரும் இழப்பு வெப்பத்தால் வருவதிலும் கூடியது.

6. கொதிக்கும் கண்ணாடியில் கிணற்றுநீரை ஊற்ற வேண்டாம், வெடிக்கக்கூடும். எமது பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் காய்ந்தால் வெண்படிவு விடும். தூசியைக் காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, ஈரத்துணியால் துடைப்போம்.

நீரும் குளிர்விக்கும்

மாங்குளத்திலிருந்து ஏ9 வீதியால் வடக்கே சென்றால் கிளிநொச்சி அறிவியல் நகர் வரும். அங்குள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில், நீரில் மிதக்கும் சூரிய மின் நிலையம் 2020ஆம் ஆண்டு நோர்வேயின் உதவியுடன் அமைக்கப்பட்டது. மிதக்கும் தகடுகளை நீரும், தடையின்றி வரும் காற்றும் குளிர்விக்கின்றன. அவற்றின் நிழலால் நீர் ஆவியாவதும் குறைகின்றது. மிதவைகளுக்குப் பெருஞ்செலவாகும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பாடத்தை மட்டுமே.

செய்து பார்ப்போம்

மேகமற்ற ஒரு நாள் நண்பகலில் ஒரு பீப்பாய் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகின்றது என்று குறித்து வையுங்கள். தகட்டை உயர்த்திப் பூட்டி, துடைத்த பின், அதேபோன்ற இன்னொரு நாளில், அதே நேரத்தில், கிணற்று நீர்மட்டம் ஏறக்குறைய முன்போலவே இருக்கும்போது மீண்டும் பாருங்கள். இரு கணக்கையும் உங்கள் விவசாயக் குழுவில் வைத்துப் பேசுங்கள். கடன் தேவையா இல்லையா என்பதை அதன் பின் முடிவு செய்யலாம்.