சிறு மோட்டாருக்கு ஏற்ற இயக்கிச் சுற்று – அளந்து தேர்ந்தெடுப்போம்

அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய நாள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் மஞ்சள் நிற கியர் மோட்டாரை அர்டுய்னோ யூனோ பலகையின் ஒரு பின்னில் நேரடியாக இணைத்தார். மோட்டார் லேசாகத் துடித்து நின்றது. பிறகு அந்தப் பின் வேலை செய்யவில்லை. "நான்தான் கெடுத்துட்டேன் சார்" என்று அழுதார். தவறு அவருடையதன்று. இணைக்கும் முன் அளக்க வேண்டும் என்று நான் சொல்லித் தரவில்லை.

மணவாள நகர்ப் பகுதியில் நம் மாணவர்களின் பெற்றோர் பலர் காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள். மோட்டார் அவர்கள் வீட்டில் புழங்கும் சொல். எனவே இப்பாடத்தை ஆர்வத்துடன் கற்பார்கள்.

ஏன் நேரடியாக இணைக்கக் கூடாது?

யூனோவின் ஒரு பின் தரத்தக்கது 20 மில்லி ஆம்பியர். 40ஐத் தாண்டவே கூடாது. மோட்டார் புறப்படும் நொடியில் எதிர் மின்னியக்கு விசை இல்லை. சுருளின் மின்தடை மட்டுமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும்.

செயல்பாடு

1. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மோட்டாரின் இரு முனைகளையும் தொடுக.
2. அச்சை மெல்லத் திருப்பிப் பல அளவீடுகள் எடுத்து, மிகக் குறைந்ததைக் குறிக்க.
3. ஓம் விதியைப் பயன்படுத்துக. 6 வோல்ட், 6 ஓம் எனில் 1 ஆம்பியர். சக்கரம் சிக்கி நின்றாலும் இதே அளவு பாயும். இதைத் தாங்கும் சுற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

- ஒரே திசையில் சுழல வேண்டுமெனில் (மின்விசிறி மாதிரி): டிஐபி122 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் மின்தடை, 1என்4007 டையோடு. பிசி547 போதாது, அதன் எல்லை 100 மில்லி ஆம்பியர்.
- இரு திசையிலும் சுழல வேண்டுமெனில் எச்-பாலச் சுற்று தேவை. எல்293டி தொடர்ந்து 600 மில்லி ஆம்பியர் தரும். நம் 1 ஆம்பியர் மோட்டார் சிக்கினால் சூடேறும். எல்298என் 2 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். 6 வோல்ட் மின்கலத்தில் மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். டிபி6612எஃப்என்ஜி மாஸ்ஃபெட் வகை, 1.2 ஆம்பியர் தரும், இழப்பு மிகக் குறைவு. நம் கணக்குக்கு இதுவே பொருந்தும்.

கவனிக்க

மோட்டாரை நிறுத்தும்போது சுருளில் தூண்டப்படும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்கும். எனவே டையோடை மோட்டாருக்குக் குறுக்கே, கோடுள்ள முனை நேர்முனையில் இருக்குமாறு இணைக்க. மோட்டாருக்குத் தனி மின்கலம் வைத்து, அதன் எதிர்முனையைப் பலகையின் கிரவுண்டுடன் சேர்க்க.

ஒன்பதாம் வகுப்பின் மின்காந்தவியலும் பத்தாம் வகுப்பின் ஓம் விதியும் இந்த ஒரே செயல்பாட்டில் சந்திக்கின்றன. ரிச்சி தெருவுக்குப் பொருள் வாங்கச் செல்லும் முன், மாணவர்கள் கையில் மல்டிமீட்டரைக் கொடுங்கள். எதை வாங்குவது என்று அவர்களே சொல்வார்கள்.