காணொளி வருமானமும் வரிக் கணக்கும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நிற்கும்போது, கையில் கமராவோடு ஓர் இளைஞராவது எம் கண்ணில் படுகிறார். நெடுந்தீவின் குதிரைகள், பவளக்கல் வேலிகள், நயினாதீவுத் திருவிழா, ஒடியற்கூழ், கூரை விழுந்து பற்றை மூடிய வீடுகள் என எல்லாமே யூரியூப்பில் ஏறுகின்றன. பார்ப்பவர்களில் பலர் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் இந்தத் தீவுகளை விட்டுப் புறப்பட்டு, இன்று கனடாவிலும் பிரான்சிலும் இருக்கும் எமது உறவுகள்.

அண்மையில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, பெடியன்ர கணக்குக்கு டொலரில காசு வருகுது. வரிக்காரர் தேடி வருவினமோ? தோட்டம் செய்த காணியும் கையில இல்லை. இதுவும் ஒரு கரைச்சலோ?" அந்தக் கேள்வியே இந்த இதழின் பாடம்.

முதலில் சட்டத்தில் ஏற்பட்ட மாற்றத்தை அறிவோம். வெளிநாட்டாருக்குச் சேவை செய்து, வெளிநாட்டு நாணயமாக வங்கியூடாகப் பெறும் வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு இல்லை. அதே நாளிலிருந்து தனிநபருக்கான வரியற்ற எல்லை ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. சராசரியாக மாதம் ஒன்றரை இலட்சம். காணொளியில் மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பெறும் பிள்ளைக்கு வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால் வருமான வரி இல்லை. அந்தத் தாய்க்கு நாம் சொன்ன முதல் பதிலும் இதுதான்.

எல்லையைத் தாண்டுபவர் என்ன செய்வது? தோட்டக்காரருக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. புகையிலை விற்ற காசு முழுவதையும் எவரும் இலாபம் என்று சொல்வதில்லை. பசளை, கூலி, நீர் இறைக்க மண்ணெண்ணெய் எல்லாம் கழித்த பின்பே மிச்சம் தெரியும். காணொளியிலும் அப்படியே. படகுக் கட்டணம், டேற்றாச் செலவு, வெட்டி ஒட்டித் தரும் உதவியாளருக்குக் கொடுத்த சம்பளம் ஆகியவை கழிக்கத்தக்கவை. கணினி வாங்கிய விலையை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. இரண்டரை இலட்சத்துக்கு வாங்கினால் ஆண்டுக்கு ஐம்பதாயிரமாக ஐந்து ஆண்டுகளுக்குப் பங்கிட வேண்டும். வீட்டுச் சமையலும் தங்கையின் சாமத்திய வீடும் இந்தக் கணக்கில் வரா, அவற்றைப் படம் பிடித்துப் போட்டிருந்தாலும்!

ஓர் உதாரணம். ஏப்ரல் முதல் மார்ச் வரையான ஆண்டில் ஒருவருக்கு வெளிநாட்டு நாணயமாக 31,20,000 ரூபா வந்தது. செலவு 5,20,000. மிச்சம் 26 இலட்சம். அதில் 18 இலட்சத்தைக் கழித்தால் வரிக்குரியது 8 இலட்சம். முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதமே வரியாதலால் கட்ட வேண்டியது 48,000 ரூபா. வரிக்குரிய தொகை பத்து இலட்சத்தைத் தாண்டினால், வெளிநாட்டு நாணயமாக வங்கியூடாக வந்த பணத்துக்கு 15 வீதத்துக்கு மேல் போகாது. ஆனால் உள்ளூர்க் கடைகளின் விளம்பரத்துக்கு ரூபாவாகப் பெற்றதற்கு இந்தச் சலுகை இல்லை. அது 18, 24, 30 என்று ஏறி 36 வீதம் வரை செல்லும். கடைக்காரர் காசுக்குப் பதிலாக ஒரு கைபேசி கொடுத்தாலும் அதன் பெறுமதி வருமானமே. ஆகவே இரண்டு வகை வரவையும் வேறு வேறு பக்கத்தில் எழுதுங்கள்.

அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் பங்குக்கு 2021 யூன் முதல் அந்நாட்டு வரியைக் கூகிள் முன்கூட்டியே கழிக்கிறது. வரி விபரப் படிவத்தை நிரப்பாதவருக்கு உலகம் முழுவதிலும் இருந்து வரும் வருமானத்திலேயே கை வைக்கப்படலாம். படிவத்தை உடனே நிரப்புங்கள். கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ பார்ப்பவர்களின் பங்குக்கு அமெரிக்க வரி இல்லை.

இனி எமக்கு அதிக கவலை தரும் இடத்துக்கு வருவோம். பணம் யாருடைய பெயருக்கு வருகிறது? பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை தன் பெயரில் பணம் பெற முடியாது. எனவே தகப்பனின் பெயரைக் கொடுக்கிறார்கள். கொடுத்ததும் ஏடுகளில் அது தகப்பனின் வருமானமாகத் தெரியும் என்பதை அந்தத் தகப்பன் அறிந்திருக்க வேண்டும். இன்னும் சிலர் பிரான்சில் உள்ள மாமாவின் கணக்குக்குப் பணத்தை வரவைத்து, உண்டியல் மூலம் இங்கே பெறுகிறார்கள். மாமா அங்கே கேள்விக்கு ஆளாகலாம். பெடியனுக்கோ வங்கியூடாக வந்த பணத்துக்குரிய 15 வீதச் சலுகை போய்விடும். நாளை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வருமானம் உண்டென்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இராது.

கடதாசி இல்லாத துன்பத்தை இடம்பெயர்ந்த எமது மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் பிரதேச செயலகத்தின் வாங்கில் காத்திருந்தவர்கள் நீங்கள். புதிய தொழிலிலும் முகவரியில்தான் முதல் சிக்கல் வருகிறது. உழைப்பு பத்து டொலரை எட்டியதும், முகவரியை உறுதிப்படுத்தக் கூகிள் ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். வாடகை வீடு மாறி மாறி வாழும் குடும்பம் எந்த முகவரியைக் கொடுப்பது என்பதை முன்பே தீர்மானித்து, தபாற்காரரிடமும் சொல்லி வைப்பது நல்லது.

மற்றொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஏழைக் குடும்பத்தைப் படம் பிடித்து, புலம்பெயர்ந்தவர்களிடம் உதவி சேர்க்கும் காணொளிகள் பெருகியுள்ளன. கண்ணீரைக் கமராவுக்குக் காட்டித்தான் ஒரு தையல் மெசின் பெற வேண்டுமா என்று எமக்கு மனவருத்தம் உண்டு. அது ஒருபுறம் இருக்க, அப்படி வரும் பணம் படம் பிடிப்பவரின் சொந்தக் கணக்கிலே விழுந்து கலந்துவிட்டால், எது உழைப்பு, எது மற்றவரின் பணம் என்று வரி அலுவலரிடமும் சொல்ல முடியாது, ஊராரிடமும் சொல்ல முடியாது. உதவிப் பணத்துக்கு வேறு வங்கிக் கணக்கு வேண்டும். உதவி பெறும் குடும்பங்களும் தங்களுக்கென்று எவ்வளவு வந்தது, எவ்வளவு கைக்குக் கிடைத்தது என்பதைக் கேட்டு எழுதிவைக்க உரிமை உள்ளவர்கள். கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.

எழுதுவதற்கு ஒரு சி.ஆர். கொப்பி போதும். புங்குடுதீவாரும் வேலணையாரும் தெற்கே கடை வைத்துப் பேரேடு எழுதிப் பிழைத்த பரம்பரை. இடப்பக்கம் வரவு: திகதி, டொலர், வங்கி தந்த ரூபா. வலப்பக்கம் செலவு, பற்றுச்சீட்டு இலக்கத்தோடு. சீட்டுகளை மாதவாரியாக உறையில் இடுங்கள், வெயிலில் எழுத்து மங்கும் சீட்டுகளைப் படமும் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டுகளாவது எறிய வேண்டாம். செலவு போக மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் மிஞ்சினால், மிஞ்சிய ஒவ்வொரு நூறிலும் பதினைந்து ரூபாவை ஒதுக்குங்கள். வெளிநாட்டு வருமானம் மட்டும் உள்ளவருக்கு அது குறையாது.

வரி செலுத்துனர் அடையாள இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் இலவசமாகப் பெறலாம். யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் உண்டு. இலக்கம் எடுத்தவுடன் வரி விழுந்துவிடும் என்ற பயம் வீண், வரி வருமானத்தைப் பொறுத்தது. வரி கட்ட வேண்டியவர் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தவணையாகவும், மீதியைச் செப்ரெம்பர் 30 க்குள்ளும் செலுத்தி, நவம்பர் 30 க்குள் விவரத்திரட்டை ஒப்படைக்க வேண்டும். பிந்தினால் வட்டியும் தண்டமும் சேரும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு, காணொளி செய்யும் பிள்ளை உள்ள வீட்டார் கடந்த மூன்று மாத வங்கிக் கூற்றையும் ஒரு புதுக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். முதற் பக்கத்தை அங்கே சேர்ந்திருந்து எழுதுவோம்.