போட்டி வாரத்தில் ஸ்விங்கைத் தொடலாமா?

கேள்வி:

ஐயா, நான் கோல்ஃப் பயிற்சியாளர். இதுவரை கிளப் உறுப்பினர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன். இந்த ஆண்டு முதன்முறையாக, பிஜிடிஐ சுற்றில் ஆடும் தொழில்முறை வீரர் ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். வலக்கை ஆட்டக்காரர். டிரைவரில் ஹூக் விழுவதுதான் அவருடைய பெரிய தொல்லை. கிரிப்பில் இரு கைகளையும் சற்று இடப்பக்கம் திருப்பி, பேக்ஸ்விங்கைக் குறைத்து, ஃபேட் அடிக்கப் பழக்கி வருகிறேன். ரேஞ்சில் அருமையாக அடிக்கிறார். போட்டியில் முதல் நாள் ஐந்தாறு ஹோல் போவதற்குள் பழைய ஹூக் திரும்பிவிடுகிறது. சில நேரம் பந்து வலப்பக்கமும் ஓடுகிறது. ராத்திரி வீடியோ அனுப்பி, "என்ன சார் தப்பு?" என்று கேட்கிறார். நானும் பார்த்துச் சொல்கிறேன். மறுநாள் இன்னும் மோசமாகிறது. போட்டி நடக்கும்போது நான் எவ்வளவு சொல்லலாம்? ஓரமாக நின்று கையால் ஜாடை காட்டினால் தப்பா? இல்லை, போட்டி முடியும்வரை பழைய ஸ்விங்குக்கே போகச் சொல்லட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

தம்பி, ஜாடை காட்டுவதை முதலில் நிறுத்துங்கள். கோல்ஃப் விதி 10.2-இன்படி, தனிநபர் ஸ்ட்ரோக் பிளே ரவுண்டில் வீரர் தன் கேடியிடம் மட்டும்தான் ஆலோசனை கேட்கலாம். வாயால் சொல்வது மட்டுமல்ல, கை அசைவும் ஆலோசனைதான். அவர் கேட்காமலே நீங்கள் ஒருமுறை காட்டிவிட்டால் தண்டனை கிடையாது. தொடர்ந்து காட்டி, அவரும் உங்களைத் தடுக்காமல் இருந்தால், அவரே கேட்டதாக எடுத்துக்கொண்டு இரண்டு ஸ்ட்ரோக் ஏற்றிவிடுவார்கள். ஒரு ஸ்ட்ரோக்கில் கட் தவறிப்போகிற பிழைப்பு இது.

மழை, மின்னல் என்று நடுவர்களே ஆட்டத்தை நிறுத்திவைத்தால் அந்த நேரத்தில் நீங்கள் தாராளமாகப் பேசலாம். முன்னால் போகிற குழு தாமதமாவதால் டீயில் காத்திருப்பது அந்தக் கணக்கில் வராது. 2010-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்த சேஃப்வே கிளாசிக் போட்டியில் வீராங்கனை ஜூலி இங்க்ஸ்டர் அப்படித்தான் அரைமணி நேரம் காத்திருந்தார். உடம்பு விறைக்காமல் இருக்க, எடை வளையத்தைக் கிளப்பில் மாட்டி வீசிப் பார்த்தார். தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். இன்றைய விதியில் முதல் மீறலுக்கு இரண்டு ஸ்ட்ரோக்தான் என்றாலும் தடை அப்படியே இருக்கிறது. உங்கள் வீரர் ரேஞ்சில் காலடியில் போட்டு அடிக்கும் அலைன்மென்ட் ஸ்டிக்கும் அதே தடைக்குள் வரும். பையில் இருக்கலாம், ரவுண்டில் எடுத்துத் தரையில் வைக்கக் கூடாது.

ஆக, களத்தில் அவர் காதில் விழக்கூடிய குரல் கேடியுடையது ஒன்றுதான். அதிதி அசோக்குக்கு 2016 ரியோ ஒலிம்பிக்கில் அப்பா பை தூக்கினார், டோக்கியோவில் அம்மா தூக்கினார். டோக்கியோவில் ஒரே ஸ்ட்ரோக்கில் பதக்கம் தவறி நான்காவதாக வந்தார். வீரருக்குப் பக்கத்தில் யார் நடக்கிறார் என்பது அவ்வளவு முக்கியம். உங்கள் வீரரின் கேடியோடு நீங்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த வாரம் எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதை வாயிலேயே எடுக்கக் கூடாது என்று ரவுண்டுக்கு முன்பே அவரிடம் சொல்லி வையுங்கள்.

இனி ராத்திரி வீடியோவுக்கு வருகிறேன். உங்கள் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். டவுன்ஸ்விங் கால் வினாடிதான். அதற்குள் மணிக்கட்டை இப்படி வை, முழங்கையை அப்படிக் கொண்டுவா என்று மூளை கட்டளையிட நேரமில்லை. உளவியலாளர் சியன் பெய்லாக்கும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர்களைப் பட்டிங் செய்யச் சொன்னார்கள். ஒருமுறை, ஒலிக்கிற சத்தங்களில் குறிப்பிட்ட ஒன்றைக் கவனித்துக்கொண்டே அடிக்க வேண்டும். இன்னொரு முறை, தன் ஸ்ட்ரோக் எந்தக் கணத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தன் ஸ்ட்ரோக்கைக் கவனித்தபோதுதான் மோசமாக அடித்தார்கள். ராத்திரி நீங்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் சுமந்துகொண்டு காலையில் டீயில் நிற்கிறவருடைய நிலைமையும் இதுதான். நீங்கள் சொன்னது தவறாக இருக்க வேண்டியதில்லை. சரியான திருத்தமே அந்த நேரத்தில் பாரமாகிவிடும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வீடியோவில் நீங்கள் பார்ப்பது உண்மையில் பழைய ஸ்விங்தானா? ஹூக்குக்குப் பயந்தவர் தன்னை அறியாமலே இலக்கைவிட வலப்பக்கம் குறிவைப்பார். கால் லேசாக நகரும், தோளும் கூடவே வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும். தோள் அப்படி நின்றால் கிளப் இன்னும் அதிகமாக உள்ளிருந்து வெளியே போகும். கிளப்பின் முகம் அந்தப் பாதைக்கு மூடியிருந்தால் ஹூக் முன்னைவிடப் பலமாக விழும். மூடாமல் இருந்தால் பந்து நேராக வலப்பக்கம் ஓடும். நீங்கள் எழுதியிருக்கிற இரண்டு பிழையும் அங்கேயே இருக்கின்றன. அடுத்த ஹோலில் அவர் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நிற்பார், சுழல் இறுகும். முகம் ஒரே ஒரு பாகை பிசகினாலே, 300 கெஜம் போகிற பந்து ஏறக்குறைய 5 கெஜம் விலகும். வளைவு அதற்கு மேல். பின்னாலிருந்து கைபேசியில் எடுத்த படத்தில் டவுன்ஸ்விங்தான் கண்ணில் படும். கேமரா கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் குறி பிசகியது தெரியவே தெரியாது. நீங்கள் உடனே ஸ்விங்கைத் திருத்தப் போகிறீர்கள். தோள் நின்ற இடம் மாறவில்லை.

அதனால் ரவுண்டு முடிந்து அவர் ரேஞ்சுக்கு வரும்போது ஸ்விங்கைப் பார்க்காதீர்கள். தரையைப் பாருங்கள். ஸ்டிக்கைக் கீழே போடாமல், தூரத்தில் ஒரு கொடியைக் காட்டி ஐந்து பந்து அடிக்கவிடுங்கள். ஏழாம் நம்பர் அயர்ன் பெயர்த்த புல்தடம் எந்தப் பக்கம் பார்க்கிறது? கடைசிப் பந்துக்கு அவர் நின்றபடியே இருக்க, ஸ்டிக்கை அவர் காலடியில் வைத்து, பிறகு அவரை விலகிவந்து பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பந்து வைக்கிற இடம், குறி, கிரிப்பின் இறுக்கம், பேக்ஸ்விங்கின் வேகம் என்ற இந்த நான்கைத்தான் பதற்றம் முதலில் கலைக்கும். நான்கையும் போட்டி வாரத்தில் தயங்காமல் சரிசெய்யலாம், ஏனென்றால் இவை எல்லாம் கிளப் கீழிறங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிற வேலைகள். அரைமணி நேரம் போதும். இருட்டும்வரை பந்து அடிக்க விடாதீர்கள். அசதியில் அடிக்கும் ஐம்பது பந்து அவருடைய சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

பழைய ஸ்விங்குக்குத் திரும்பச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கிரிப் மாறிவிட்டது. புதுக் கிரிப்போடு பழைய வீச்சு சேர்ந்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் தவறுகிறவர் அதற்கேற்பக் குறிவைத்துச் சமாளிப்பார். இரண்டு பக்கமும் தவறுகிறவருக்கு ஃபேர்வேயில் இடமே இல்லை. ஆகவே புது ஸ்விங்குக்குள்ளேயே ஒரு சின்ன ஷாட்டை உருவாக்கிக் கொடுங்கள். 3-வுட், முக்கால் வீச்சு, தாழ்வான ஃபேட். இருபது கெஜம் குறையட்டும், இடப்பக்கம் மட்டும் போகவே கூடாது. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அதைப் பழக்கி, ஹூக் விழுந்த அடுத்த டீயில் யோசிக்காமல் அதை எடுப்பது என்று மூவரும் பேசி வையுங்கள். எண்ணத்துக்கும் ஒன்றே ஒன்று கொடுங்கள், அதுவும் உடம்புக்கு வெளியே இருக்கட்டும். "அந்த மரத்தின் இடது விளிம்பில் கிளம்பி உள்ளே வரட்டும்" என்று பந்தின் பாதையைச் சொல்லலாம். "இடது மணிக்கட்டைத் தட்டையாக வை" என்பதை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பற்றியும் அவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். நிக் ஃபால்டோ 1983-இல் ஐரோப்பியச் சுற்றின் முதலிடக்காரர். பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய் ஸ்விங்கை அடியோடு மாற்றத் தொடங்கியபின் 1985, 1986 இரண்டு ஆண்டும் அவருக்கு ஐரோப்பாவில் பட்டமே இல்லை. 1987-இல் மியூர்ஃபீல்டு ஓப்பனின் கடைசி ரவுண்டில் பதினெட்டு ஹோலும் பார் அடித்து ஜெயித்தார். டைகர் உட்ஸ் 1997-இல் மாஸ்டர்ஸை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற பிறகு புட்ச் ஹார்மனோடு ஸ்விங்கைத் திருத்த உட்கார்ந்தார். 1998-இல் பிஜிஏ சுற்றில் அவருக்குக் கிடைத்தது ஒரே வெற்றி. 1999-இல் எட்டு. இருவருமே அந்தக் காலத்தில் ஆடுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவர்கள் கையில் காசும் சுற்றில் இடமும் இருந்தன. உங்கள் வீரருக்கு நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட், தங்கும் அறை, கேடி கூலி எல்லாம் பரிசுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும் என்றால் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. பேக்ஸ்விங் மாற்றத்தைச் சீசன் இடைவெளிக்குத் தள்ளிவைத்து, இப்போதைக்குக் கிரிப்போடும் அந்த முக்கால் ஃபேடோடும் நிறுத்திக்கொள்வது நல்லது என்று எனக்குப் படுகிறது.

வீடியோ அனுப்ப வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடுத்தால் அவர் வேறு யாருக்காவது அனுப்புவார், அது இன்னும் ஆபத்து. அனுப்பட்டும். பார்த்து உங்கள் நோட்டில் எழுதிவையுங்கள். பதிலாக, "நாளைக்கு முதல் டீயில் எந்த மரத்தைக் குறிவைக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். கட் தவறிப்போனால் அன்றைக்கே நோட்டைத் திறக்காதீர்கள். அவர் ஊர் திரும்பி ஒருநாள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு, அந்த வாரம் எழுதியதில் திரும்பத் திரும்ப வந்திருக்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போங்கள்.