குழந்தையின் இரும்புச் சத்தும் கைத்தொலைபேசிக் கணிப்பும்

நமது கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கும். 2024-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஒன்றேகால் வயதான நமது கடைக்குட்டி தத்தித் தத்தி அங்கே சென்று, பிரித்த சாக்கிலிருந்து அரிசியை அள்ளி வாயிலிட்டு நறநறவென்று மெல்லுவான். "அரிசி வியாபாரி மகனல்லவா, இப்போதே ரகம் பார்க்கிறான்" என்று அண்டைக் கடை நானா கேலி செய்வார். நாமும் சேர்ந்தே சிரித்தோம். அது சிரிக்க வேண்டிய காரியமன்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நாம் மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் படித்ததற்கு மேல் படித்தவரல்லர். ஆகவே இங்கு எழுதுவது, டாக்டரம்மா ஒருவர் பொறுமையுடன் விளக்கியதும், அதன் பின் பெரிய பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டதுமேயாகும். சிறு குழந்தைகளை உடைய சகோதர வணிகர்களுக்கு இது பயன்படும் என்று கருதுகிறோம்.

பிள்ளை வெளிறிப் போயிருக்கிறான் என்று முதலில் சொன்னவர் நமது மாமியார். அவ்வேளையில் கல்லூரியில் பயிலும் மச்சான் மகன் வந்திருந்தார். "மாமா, இதற்காக ஆஸ்பத்திரியில் போய்க் காத்துக் கிடப்பானேன்? இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, கைத்தொலைபேசியே சொல்லிவிடும்" என்று குழந்தையின் நகங்களைப் படம் பிடித்தார். 11.4 என்று எண் வந்தது. இவ்வயதுக் குழந்தைக்கு 11-க்கு மேலிருந்தால் போதும் என்றார். பெருநாள் சரக்கு வந்திறங்கும் காலம். நமக்கும் அந்தப் பதிலே வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து, பதினெட்டாம் மாதத் தடுப்பூசிக்குக் கொண்டு சென்றபோது, தாதி பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்த்து முகம் மாறினார். இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9.1; ஃபெரிட்டின் 5.

"கருவி பொய் சொல்லிவிட்டதே!" என்று நாம் சினந்தோம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஒருவேளை அன்றைக்கு அது மெய்யே சொல்லியிருக்கலாம், பாய்" என்றார். அதுதான் நமக்கு முதற் பாடம்.

நம் தொழிலைக் கொண்டே விளக்கினால் எளிதில் விளங்கும். கடையின் முன் அலமாரியில் சரக்கு இருக்கிறது. பின்னால் கிடங்கிலும் சரக்கு இருக்கிறது. ஹீமோகுளோபின் என்பது அலமாரிச் சரக்கு. அது இரத்தத்தின் சிவப்பணுக்களில் இருந்து உயிர்க்காற்றைச் சுமக்கிறது. உடலில் உள்ள இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதற்குள்ளேதான் இருக்கிறது. ஃபெரிட்டின் என்பது கிடங்கின் இருப்பைக் காட்டும் கணக்கு. வரத்து குறைந்தால் முதலில் காலியாவது கிடங்கு. அலமாரியோ இன்னும் பல நாள் நிறைந்தே தோன்றும். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில்தான் அலமாரியில் ஓட்டை விழும். அந்த ஓட்டைக்குத்தான் இரத்தசோகை என்று பெயர்.

படம் பிடிக்கும் கருவி பார்ப்பது அலமாரியை மட்டுமே. சிவப்பு எவ்வளவு என்று பார்க்கிறதேயன்றி, கிடங்கின் கதவைத் திறக்க அதனால் இயலாது. நமது மகனின் கிடங்கு அன்றே காலியாகி இருந்திருக்க வேண்டும். அரிசி, மண், பனிக்கட்டி போன்றவற்றைக் குழந்தை விடாமல் தேடித் தின்பது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அண்டைக் கடை நானாவின் கேலி நமக்கு நினைவு வந்தது.

மூளை வளரும் பருவத்தில் கிடங்கு காலியாய்க் கிடப்பது சிறிய நட்டமன்று. கோஸ்டா ரிக்கா நாட்டில், குழந்தைப் பருவத்தில் நெடுநாள் கடுமையான இரும்புக் குறைவுக்கு ஆளான பிள்ளைகளை 19 வயது வரை தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து கொடுத்து இரத்தம் தேறிய பின்னரும், அறிவுத் தேர்வுகளில் அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்தங்கியே நின்றார்களாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-இல் உலகெங்கும் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேருக்கு இரத்தசோகை இருந்தது. எல்லாமே இரும்புக் குறைவினால் வந்ததன்று; எனினும் பெரும் பங்கு அதனுடையது.

இவ்வளவு குழந்தைகளுக்கும் ஊசி குத்தி இரத்தம் எடுக்க ஏழை நாடுகளில் ஆள் ஏது, கருவி ஏது? ஆகவே படத்தைக் கொண்டு கண்டறியும் முயற்சியை நாம் இகழவில்லை. அது வேலை செய்யும் விதத்தையும் கேளுங்கள். கடைக்குப் புதிதாக வந்த பையனுக்கு அரிசி ரகம் எப்படிப் பழக்குகிறோம்? புத்தகம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிடியாக உள்ளங்கையில் வைத்து, இது பொன்னி, இது சியாம் பச்சரிசி, இது பாஸ்மதி என்று நூறு முறை சொல்லுகிறோம். பிறகு அவனே சொல்லிவிடுகிறான். இயந்திரத்துக்கும் அவ்வாறே, இரத்தப் பரிசோதனை முடிவு தெரிந்த பலருடைய படங்களைக் காட்டி, இந்த நிறத்துக்கு இந்த எண் என்று பழக்குகிறார்கள். பாஸ்மதியைக் கண்டே இராத பையன் அதைக் கண்டால் தவறாகத்தான் சொல்லுவான். ஒரு தேசத்தாரின் வெளுத்த தோலையே பார்த்துப் பழகிய கருவி, நம் பிள்ளைகளின் கறுத்த விரலைக் கண்டால் என்ன சொல்லும் என்று கேட்காமல் நம்பலாகாது. பெரியவர்களின் படத்தில் பழகியது குழந்தைக்குப் பொருந்துமா என்பதும் அதே கேள்விதான். மச்சான் மகனிடம் இவ்விரண்டையும் நாம் கேட்கவில்லை.

இதை நன்குணர்ந்து செய்த முயற்சி ஒன்றுண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியாரும் கானா நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து, அக்ரா நகரின் கோர்லே பூ ஆஸ்பத்திரியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சோதித்து, 2023-இல் வெளியிட்டார்கள். தோலின் கறுப்பு மறைக்காத இடங்களாகக் கீழிமையின் உட்புறம், கீழுதட்டின் உட்புறம், கண்ணின் வெள்ளை ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்தார்கள். வெளிச்சம் மாறினால் நிறம் மாறித் தோன்றும் என்பதற்கும் கணக்கில் இடம் வைத்தார்கள். ஜவுளிக் கடைக்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. குழல்விளக்கின் கீழ் பார்த்த சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாராமல் எந்தப் பெண்பிள்ளை வாங்குவார்?

அங்கே சேர்த்த குழந்தைகள் 62. மூன்று இடங்களும் தெளிவாய் விழுந்த படம் கிடைத்ததோ 43 பேருக்கே. இரண்டு வயதுப் பிள்ளையை அசையாமல் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் தெரியும்! அந்த 43 பேரில் இரத்தசோகை உள்ள 14 பேரில் 13 பேரைக் கருவி பிடித்துவிட்டது, ஒருவரைத் தவறவிட்டது. நலமாயிருந்த 29 பேரில் மூவரை நோயாளி என்றது. கணக்கு நன்று. ஆனால் தொகை சிறிது. 14 பேரில் ஒருவர் என்பதை ஊர் முழுமைக்கும் விரித்துச் சொல்லிவிட முடியாது. அந்தத் தவறிய ஒரு பிள்ளை எவருடையது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நகத்தைப் படம் பிடிக்கும் முறையை 2018-இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தார். அதைச் செய்தவர்களில் முதன்மையான ராபர்ட் மன்னினோ என்பவரே தலசீமியா நோயாளி. இரத்தம் ஏற்றுமுன்னும் ஏற்றிய பின்னும் தம் நகங்களையே படமெடுத்துப் பார்த்து ஆராய்ந்தவர். இதிலேயே நமக்குரிய இரண்டாம் பாடம் அடங்கியிருக்கிறது. அவருடைய இரத்தம் குறைந்ததற்குக் காரணம் இரும்புக் குறைவன்று. ஆயினும் நகம் அதே வெளிறல்தான்.

மலேசியாவில் தலசீமியா அரிதன்று. 2016 முதல் நான்காம் படிவ மாணவருக்கு அரசே அதற்குரிய பரிசோதனை நடத்தி வருகிறது. நம் சமூகத்தில் மலாய்க் குடும்பங்களுடன் மணவுறவு பரவலாக உண்டு. உறவுக்குள்ளேயே மணப்பதும் உண்டு. வெளிறிய பிள்ளை என்றதும் இரும்பு டானிக் வாங்கி ஊற்றுவது, கிடங்கு நிரம்பி வழியும் கடைக்கு மேலும் சரக்கு அனுப்புவதாக முடியலாம். கடுமையான தலசீமியா உடையவர்களுக்கு உடலில் சேரும் இரும்பே கேடு.

இவ்விரண்டையும் பிரிக்கும் சிலேட்டுக் கணக்கு ஒன்றை மென்ட்சர் என்ற மருத்துவர் 1973-இல் எழுதினார். இரத்தப் பரிசோதனைத் தாளில் சிவப்பணுவின் சராசரி அளவு என்று ஓர் எண் இருக்கும். சிவப்பணுக்களின் தொகை என்று மற்றோர் எண் இருக்கும். முன்னதைப் பின்னதால் வகுக்க வேண்டும். அளவு 65, தொகை 5.8 எனில் ஈவு சுமார் 11. 13-க்குக் கீழ் வந்தால் தலசீமியாப் பக்கம் ஐயம். தொகை 4.2 எனில் ஈவு 15-க்கு மேல். அது இரும்புக் குறைவின் பக்கம். இது குறிதானேயன்றித் தீர்ப்பன்று. இன்று இதே தாளிலுள்ள எண்கள் பலவற்றையும் இயந்திரத்துக்குக் கொடுத்து, கிடங்கு காலியா என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். படத்தைவிட இந்த வழியில் நமக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் இதற்கும் ஒரு துளி இரத்தம் வேண்டும்.

ஆகவே நாம் இப்போது கொண்டிருக்கும் முறை இது. கருவி "குறைவு" என்றால் உடனே கிளினிக்குக்குப் போகிறோம். "நலம்" என்றால் அதை வைத்து வீட்டிலிருந்துவிடுவதில்லை. குழந்தை வெளிறியிருந்தாலோ, கண்டதைத் தின்றாலோ, குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டினையும் பார்க்கும்படி டாக்டரைக் கேட்கலாம். காய்ச்சல் இருக்கும் நாளில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உணவு பற்றி ஒரு வார்த்தை. தாய் கொடுத்தனுப்பிய இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கே வரும். அதன் பின் ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை என்று ஊட்ட வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்பு நன்கு ஏறும். நம் வீட்டில் நடந்த தவறு பாலும் தேநீரும். பசும்பாலைப் புட்டி புட்டியாகக் குடித்து வயிறு நிறைந்த பிள்ளை சோற்றைத் தொடாது. தேத்தண்ணீரோ உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையில் நமது குவளையிலிருந்து அவனுக்கு இரண்டு வாய் ஊட்டியவர் வேறு எவருமல்லர், நாமேதான்.

மருந்து விற்கும் சகோதரர்களுக்கும் ஒன்று. பெரியவர்களின் இரும்பு மாத்திரை இனிப்பு மிட்டாய் போலிருக்கும். சிறு குழந்தை பலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்கெட்டாத தட்டில் வையுங்கள்.

மகனுக்கு டாக்டரம்மா எடைக்கேற்ற அளவில் சொட்டு மருந்து எழுதினார். ஒரு மாதத்தில் 9.1 என்பது 10.3 ஆயிற்று. மேலும் இரண்டு மாதத்தில் 11.6. நாம் மருந்தை நிறுத்தப் போனோம், "அலமாரிதானே நிறைந்திருக்கிறது, பாய்?" என்று அவர் நம் உவமையையே நமக்குத் திருப்பிக் கொடுத்தார். கிடங்கு நிறைய இன்னும் இரண்டு மூன்று மாதம் கொடுத்தோம். அரிசிச் சாக்குப் பக்கம் அவன் போவதில்லை. இப்போது வெங்காய மூட்டையைத்தான் உருட்டுகிறான்.