ரேகை விழாவிட்டால் அரிசி கிடையாதா?

கேள்வி: நாங்கள் சேலம் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகப் புனே விஷ்ராந்த்வாடியில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 71 வயது. டிங்ரே நகரிலும் தானோரியிலும் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அவருக்குத் தனி ரேஷன் கார்டு இருக்கிறது. இரண்டு மாதமாகக் கடை மெஷினில் அவர் ரேகை விழவில்லை. "அங்கடா லாகத் நாஹி, ஆஜி" (ரேகை விழவில்லை, பாட்டி) என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆதார் மூலம் ஆளைச் சரிபார்க்கும் இ-கேஒய்சியை முடிக்காவிட்டால் கார்டிலிருந்து பெயரையே எடுத்துவிடுவோம் என்றும் சொல்கிறார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் கைதான் ஏதோ தப்புச் செய்கிறது என்று அழுகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு வாசகி, விஷ்ராந்த்வாடி

பதில்: சகோதரி, முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை" என்று சொல்லுங்கள். சோப்பும் சாம்பலும் தேங்காய் நாரும் வருடக்கணக்கில் உராய்ந்தால் விரல் நுனியின் மேட்டுக்கோடுகள் தேய்ந்துபோகும். வயதானால் தோலும் வறண்டுவிடும். அந்தக் கோடுகளைத் தவிர மெஷினுக்கு வேறெதுவும் தெரியாது. கொத்தனாருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் இதே கதிதான். 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரியே உச்ச நீதிமன்றத்தில் இதை விளக்கினார். அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பு வெற்றி பெறுவது 88 சதவீதம் என்பது அவர் கொடுத்த கணக்கு. மீதி 12 சதவீதத்தில் உங்கள் மாமியாரைப் போன்றவர்கள் நிற்கிறார்கள்.

ரேகை விழாதவரை வெறுங்கையோடு அனுப்பலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ரேஷனுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கிய 2017 பிப்ரவரி 8 அறிவிக்கையிலேயே இதற்கு வழி இருக்கிறது. ரேகை சரியாக விழாமலோ இணைப்புக் கிடைக்காமலோ போனால், ரேஷன் கார்டையும் ஆதார் அட்டையையும் நேரில் காட்டிப் பொருள் வாங்கலாம். அதே வருடம் அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறையும் ஆதார் ஆணையமும் மாநிலங்களுக்கு மறுபடி எழுதின. தகுதியுள்ள யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அப்படிக் கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்றன. அந்தக் கடிதங்களுக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. அதற்கு முந்தைய மாதம், ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதார் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் நின்றுபோயிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது அரசு. என்னால் அந்தச் செய்தியை இன்றும் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இனி, அடுத்த முறை நீங்களும் கூடவே போங்கள். கையை வெந்நீரில் கழுவி, துடைத்து, லேசாக எண்ணெய் தடவித் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கக் கேளுங்கள். கடையில் கருவிழி படிக்கும் கருவி இருந்தால் அதையும் கேளுங்கள். எதுவும் சரிப்படாவிட்டால் அந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தானியம் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால், "முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தேதியையும் நேரத்தையும் நீங்களே ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாத மறுப்பை எந்த அதிகாரியிடமும் நிரூபிக்க முடியாது.

அவர் கார்டு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. நான் சொல்வது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன் கீழ் வரும் கார்டுகளுக்குப் பொருந்தும். முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா என்றால் கார்டுக்கு 35 கிலோ. வருமானத்துக்கு உறுதியான வழியில்லாத முதியவர் அந்தியோதயாவுக்குத் தகுதியானவர் என்பதால் அதையும் விசாரித்துவிடுங்கள். கடையில் கிடைக்காவிட்டால் உங்கள் பகுதி ரேஷன் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மாவட்டக் குறைதீர் அதிகாரி இருக்கிறார், அவருக்கு மேல் 16-ஆம் பிரிவின்படி மாநில உணவு ஆணையம் இருக்கிறது. பலருக்குத் தெரியாத 8-ஆம் பிரிவு ஒன்றும் உண்டு. கொடுக்க வேண்டிய தானியத்தைக் கொடுக்காவிட்டால் அதற்கு ஈடாக மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். இந்த இரண்டு மாதத்துக்கும் மனுவில் அதைக் கேளுங்கள். இது அவருக்குச் சட்டப்படி சேர வேண்டியது, சலுகை அல்ல.

இ-கேஒய்சிக்கு ரேகைதான் வேண்டும் என்றில்லை. மகாராஷ்டிராவில் மேரா இ-கேஒய்சி என்ற செயலியில் முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும். பெயரை எடுத்துவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பயப்படாதீர்கள். நோட்டீஸ் கொடுக்காமல், அவர் தரப்பைக் கேட்காமல் ஒரு பெயரை நீக்குவது நியாயமே இல்லை. தெலங்கானாவில் கம்ப்யூட்டர் கணக்கை நம்பிச் சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளை ரத்து செய்தார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நேரில் போய் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னது. வீட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய வேலையை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்ததுதான் அங்கே நடந்த தவறு.

டிஜிட்டல் வசதியையே நான் வேண்டாம் என்று சொல்பவள் அல்ல. தமிழ்நாட்டில் முன்னுரிமைக் கார்டு வைத்திருப்பவர் புனேயில் அரிசி வாங்க முடிவது இந்தக் கட்டமைப்பால்தான். ஆனால் அது தடுமாறும்போது நஷ்டம் யார் தலையில் விழுகிறது? ஆதாரை எதிர்த்த வழக்கில்தான், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த வருடம் செப்டம்பர் 26-இல் ஆதார் சட்டம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் பெரும்பாலும் நிலைத்தது. மாறுபட்ட அந்த ஒரு தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சந்திரசூட். 2019 ஏப்ரலில் ஜமைக்காவின் உச்ச நீதிமன்றம் தன் நாட்டு அடையாளச் சட்டத்தை ரத்து செய்தபோது, நம் நாட்டில் தோற்ற அந்தத் தீர்ப்பைத்தான் பெரிதும் எடுத்துக்காட்டியது. இங்கேயும் அதை இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: கேட்கிற இடத்திலெல்லாம் ஆதார் நகல் கொடுக்கலாமா? பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம் என்கிறார்களே?

— அதே வாசகி

பதில்: முடிந்தவரை முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் எதற்காக, எப்போது கொடுத்தோம் என்பதைக் குறுக்கே எழுதிவிடுங்கள். பயோமெட்ரிக் பூட்டு நல்ல பாதுகாப்புதான். ஆனால் பூட்டியிருக்கும்போது ரேஷன் கடை மெஷினும் ரேகையை ஏற்காது. மாமியாருடைய ஆதாரை வீட்டில் யாராவது பூட்டி வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டு மாதமாக ரேகை விழாததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.