ஒரே ஆசிரியர், ஐந்து பாடங்கள்: புதிதாகப் பணியேற்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஒரு கடிதம்



நியமன ஆணையோடு ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குள் நுழையப் போகிறீர்கள். முதல் வாரத்திலேயே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்லிப் பாருங்கள். "கண்ணனிடம் 12 கோலிக்குண்டுகள் இருக்கின்றன. மணியிடம் இருப்பதைவிட இது 5 அதிகம். மணியிடம் எத்தனை?" பலர் 17 என்று எழுதுவார்கள். 'அதிகம்' என்று காதில் விழுந்ததுமே கை கூட்டலுக்குப் போய்விடும். அதே பிள்ளைகளிடம் 12-லிருந்து 5 போனால் எவ்வளவு என்று தனியாகக் கேட்டால் 7 என்று உடனே பதில் வரும். கழித்தல் அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது வாக்கியத்தில் யாரிடம் கூடுதல், யாரிடம் குறைவு என்று பிரித்துப் படிப்பதில்தான் தடுக்குகிறது. நோட்டில் சிவப்பு மையால் தவறு என்று போட்டுவிட்டு, இன்னும் இருபது கழித்தல் கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அது இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்தாகிவிடும். பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, "ரெண்டு பேர்ல யாருகிட்ட நெறைய இருக்கு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பாதிப் பேர் தாங்களே அழித்துத் திருத்திவிடுவார்கள்.

இந்தக் கடிதத்தில் சொல்ல வந்த செய்தி இதிலேயே இருக்கிறது. தொடக்கப்பள்ளியில் ஒரு பாடத்தில் தெரியும் சிக்கலின் வேர் பல நேரம் இன்னொரு பாடத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவர், எல்லாப் பாடங்களையும் எடுக்கும் ஒரே ஆசிரியர்.

உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேறு, தமிழாசிரியர் வேறு. பிள்ளை தமிழில் எப்படி வாசிக்கிறான் என்று கணக்கு ஆசிரியருக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்குத் தெரியும். காலையில் தமிழ்ப் பாடத்தில் திணறிய அதே குரலைத்தான் பதினொரு மணிக்குக் கணக்கில் கேட்கிறீர்கள். மதியம் அறிவியலில் அதே குழந்தை கையைத் தூக்குவதையும் பார்க்கிறீர்கள். இடைநிலை ஆசிரியராகச் சேரும் பலர், "எல்லாப் பாடமும் நானே எடுக்கணுமா?" என்று சோர்ந்து போவதுண்டு. சோர்வுக்குக் காரணம் இல்லாமலில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஒருவர் தலைமையாசிரியர், அவருக்கு அலுவலக வேலையும் எமிஸ் இணையத்தளப் பதிவும் உண்டு. முதல் இரண்டு வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றிலிருந்து அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே நடத்துவதென்றால் நாளில் அத்தனை மணி நேரம் கிடையாது. பாடங்களைச் சேர்த்துப் பார்க்கப் பழகாத ஆசிரியர் ஈராசிரியர் பள்ளியில் மூச்சு வாங்கிவிடுவார்.

எதை எங்கே சேர்ப்பது? பள்ளிக்கூட வாசலில் ஒரு குச்சி நட்டால் ஓராண்டுக்குப் போதுமான பாடம் கிடைக்கும். ஒரு மீட்டர் நீளக் குச்சியைத் திறந்த வெளியில் செங்குத்தாக நட்டு, காலை பத்து மணிக்கும் நண்பகலிலும் மூன்று மணிக்கும் நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள். நான்காம் வகுப்பு அளக்கட்டும், மூன்றாம் வகுப்பு எழுதட்டும், இரண்டாம் வகுப்பு எது நீளம், எது குட்டை என்று சொல்லட்டும். முதல் நாளில் ஸ்கேல் தராதீர்கள். சாணாலும் முழத்தாலும் அளந்தால் ஆளுக்கு ஓர் அளவு வரும், சண்டையும் வரும். பொதுவான அளவுகோல் எதற்கு என்ற கேள்வி அந்தச் சண்டையில் தானாகப் பிறக்கும்.

இதில் ஆசிரியரையே வியக்க வைக்கும் ஒன்றும் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தமிழ்நாடு முழுவதும் நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். சூரியன் அப்போது நம் தலைக்கு வடக்கே இருக்கிறது. சென்னையில் ஜூன் 21 வாக்கில் ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் சுமார் 18 சென்டிமீட்டர்தான். ஆகஸ்ட் நடுவில் அது தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும். குச்சிக்கு நிழலே இல்லாத நாள் அது. தெற்கே போகப் போக அந்த நாள் சற்றுத் தள்ளி வரும். கன்னியாகுமரிக்கு வர ஆகஸ்ட் முடிந்துவிடும். அதன் பிறகு நிழல் வடக்கே திரும்பி, டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் 74 சென்டிமீட்டர் வரை நீளும். வாரம் ஒருமுறை அளந்து சுவரில் ஒட்டிய தாளில் கோடு போட்டு வந்தால், அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பிள்ளைகள் கையால் வரைந்த வரைபடம் ஒன்று வகுப்பில் தொங்கும். திசை சமூக அறிவியலில் வருகிறது, அளவை கணக்கில், சூரியன் அறிவியலில். "இன்று நிழல் எங்கே போயிற்று?" என்று நான்கு வரி எழுதினால் தமிழும் வந்துவிட்டது. குச்சிக்குச் செலவில்லை. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும்.

சத்துணவுக் கூடம் இன்னொரு வகுப்பறை. தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. இன்று 43 பேர் வந்திருந்தால் எத்தனை கிலோ? 4 கிலோ 300 கிராம். நேற்று 38 பேர் என்றால் எவ்வளவு குறைவு? மூன்றாம் வகுப்புக்கு இதைவிட நல்ல நிறுத்தல் கணக்குப் புத்தகத்தில் கிடைக்காது. அமைப்பாளர் அம்மாவிடம் அனுமதி கேட்டு, தராசில் நிறுப்பதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கட்டும். அரிசி எந்த மாவட்டத்தில் அதிகம் விளைகிறது, முட்டை நாமக்கல்லிலிருந்து எப்படி வருகிறது என்று பேச்சு நீண்டால் நீளட்டும்.

இவையெல்லாம் புதிய யோசனைகள் என்று நினைத்துவிட வேண்டாம். குஜராத்தில் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டுக் குழந்தைகளிடம் வந்த கிஜுபாய் பதேகா, 1920-ல் பாவ்நகரில் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்திருக்கும் அவருடைய சிறு நூலை இந்த மாதமே வாங்கிப் படியுங்கள். நான்காம் வகுப்பை ஓராண்டு கையில் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆசிரியரின் கதை அது. அவர் பாடப்புத்தகத்தைத் திறக்காமல் கதையில் தொடங்குகிறார். வரலாறும் இலக்கணமும் கதையும் விளையாட்டுமாக வருகின்றன. மேலதிகாரியும் சக ஆசிரியர்களும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகப் பார்வையை நீங்களும் சந்திப்பீர்கள் என்பதால்தான் அந்த நூல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் டேவிட் ஹார்ஸ்பரோ 1972-ல் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் வகுப்புப் பிரிவே இருக்கவில்லை. பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்தார்கள், தச்சும் மண்பாண்டமும் படிப்போடு சேர்ந்தே இருந்தன.

நம்முடைய அரசுப் பள்ளிகளுக்கும் இதில் அனுபவம் உண்டு. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் எழுத உயரம் குறைந்த கரும்பலகை, தரையில் பாய், சுவரில் கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப் படம், கையில் அட்டை. ஆசிரியர் முன்னே நின்று பேச, நாற்பது பேரும் ஒரே வரியைத் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை அது உடைத்தது. அவரவர் வேகத்தில் போகலாம் என்று பிள்ளைக்கு உரிமை கொடுத்தது. அது பெரிய காரியம். ஆனால் அங்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி ஏணி. தமிழ் ஏணியில் தேங்கிய குழந்தை கணக்கு ஏணியில் எங்கே நிற்கிறது என்பதைச் சேர்த்துப் பார்ப்பது ஆசிரியரின் கண்ணைப் பொறுத்தே இருந்தது. அட்டை அதைச் செய்யவில்லை, செய்யவும் முடியாது.

இப்போது நீங்கள் நடத்தப்போகும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் இதே இடத்தில் கவனம் வேண்டும். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட இத்திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து நடத்தச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதைவிட நியாயமான வழி வேறில்லை. ஆனால் அந்த நிலை ஒரு பாடத்தில் பிள்ளை இன்று நிற்கும் இடம், அவ்வளவுதான். தமிழில் அரும்பாக இருக்கும் குழந்தை கணக்கில் மலராக இருக்கலாம். அப்படி ஒரு குழந்தையைக் கண்டால் உடனே கவனியுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சிந்தனை குறைவில்லை, எழுத்துதான் தடை என்று அது சொல்கிறது. "அவன் அரும்பு சார்" என்று ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வந்தால், "எந்தப் பாடத்தில்?" என்று கேளுங்கள்.

வேற்று மொழி பேசும் குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் திருவள்ளூரின் செங்கல் சூளைகளுக்கும் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியும் ஒடியாவும் பேசிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். இருளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சே வேறு. தமிழ்ப் பாடத்தில் மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒரு பிள்ளை, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்துக் கூட்டல் போடச் சொன்னால் முதலில் முடித்துவிடலாம். அந்தப் பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணக்கில் கிடைக்கும் மதிப்புதான் தமிழில் வாய் திறக்கத் துணிச்சல் தரும். ஓவியமும் விளையாட்டும் இதே வேலையைச் செய்யும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப் போடுவது இன்னொரு வகை மூடத்தனம். மீன் படத்துக்கு வண்ணம் தீட்டினால் மீன் எப்படி மூச்சுவிடுகிறது என்பது புரிந்துவிடாது. முந்நூற்று ஐந்து என்று சொன்னால் 3005 என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்தபடி முந்நூறை எழுதிப் பக்கத்தில் ஐந்தை வைக்கிறது. இங்கே மொழி சரியாக இருக்கிறது, இடமதிப்புதான் இல்லை. கதை சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது. குச்சிகளைப் பத்துக் கட்டாகவும் நூறு கட்டாகவும் கட்டி, மூன்று நூறு கட்டும் ஐந்து தனிக் குச்சியும் கையில் கொடுத்து, பத்துக் கட்டு இல்லாத இடத்தில் ஏன் பூஜ்ஜியம் நிற்கிறது என்று பல நாள் செய்யவைக்க வேண்டும். உயிர்மெய் எழுத்துகளுக்கும் அப்படித்தான். ஒழுங்கான, தினசரிப் பயிற்சிக்கு மாற்று கிடையாது. பின்லாந்து பாடங்களையே ஒழித்துவிட்டது என்று சில ஆண்டுகளுக்கு முன் செய்தி பரவியது. 2016-ல் அங்கே நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் கேட்டது வேறு: பல பாடங்களை இணைக்கும் ஒரு கற்றல் தொகுதி, ஆண்டுக்கு ஒன்றாவது. மற்ற நாட்களில் கணக்கு கணக்காகவே நடக்கிறது. நீங்களும் பருவத்துக்கு ஒரு பெரிய வேலையை, நிழல் அளப்பதைப் போல ஒன்றை, எடுத்துக்கொண்டு அதைக் கடைசிவரை நடத்தினால் போதும்.

மதிப்பெண் குறித்தும் ஒரு வார்த்தை. அறிவியல் தேர்வில் வெற்றுத் தாள் கொடுத்த பிள்ளையை, சைபர் போடுவதற்கு முன் பக்கத்தில் கூப்பிட்டு, ஈரத்துணி எப்படிக் காய்கிறது என்று வாயால் கேளுங்கள். "வெயில்ல தண்ணி மேல போயிரும் டீச்சர், காத்தடிச்சா சீக்கிரம் போயிரும்" என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்கு அறிவியல் வந்துவிட்டது, எழுதத்தான் வரவில்லை. வழிகாட்டி நூலைப் பார்த்து 'ஆவியாதல்' என்று எழுதிய பக்கத்து மாணவியிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சில நேரம் நிலைமை தலைகீழாக இருக்கும். வளரறி மதிப்பீடு என்று ஒரு பகுதியை வைத்திருப்பதே, தேர்வுத் தாளுக்கு வெளியே பிள்ளையைப் பார்க்கச் சொல்லித்தான். பதிவேட்டை நிரப்பும் வேலையாக அதை மாற்றிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. வட்டாரக் கல்வி அலுவலர் கேட்கும் பதிவேடுகள் எல்லாம் பாடவாரியாக இருக்கும். அவற்றை ஒழுங்காக எழுதுங்கள். அவற்றோடு இரண்டு குயர் நோட்டு ஒன்று தனியாக வாங்கி, பிள்ளைக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அதில் பாடத்தலைப்பு வேண்டாம். வாரத்துக்கு நான்கைந்து பிள்ளைகளைப் பற்றி, ஆளுக்கு இரண்டு வரி: "கணக்கை வாசித்துக் காட்டினால் போடுகிறாள், தானே வாசித்தால் விடுகிறாள்." "பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் தப்பு. முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், கண் பரிசோதனைக்குச் சொல்ல வேண்டும்." முதல் பருவம் முடிந்ததும் முழு நோட்டையும் ஒருமுறை உட்கார்ந்து படித்து, இரண்டாம் பருவத்தில் யாருக்கு எதைச் செய்வது என்று தலைமையாசிரியரோடு பேசுங்கள். ஏப்ரலில் அந்தப் பிள்ளைகள் வேறு ஆசிரியர் கைக்குப் போகிறார்கள் என்றால், தேர்ச்சிப் பட்டியலோடு இந்த நோட்டையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.